ஊர்ப் பிள்ளைகளோடு அறிவியல்: புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் படித்தவர்கள்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர முடியும் என்று நினைத்துத் தயங்கி நிற்பவர்கள் நிறைய. தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தமிழ் இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற தபால்காரர் என எல்லோரும் இந்த வேலையை அழகாகச் செய்கிறார்கள். பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கே புகாமல் கேட்கத் தெரிய வேண்டும். சொன்ன கிழமையில், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். மற்றதெல்லாம் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடும் தெருப் பிள்ளைகளோடும் வேலை செய்ய விரும்புகிற புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை 1928-ல் அறிவித்த நாள் அது. அன்றைக்குப் பல பள்ளிகளில் பேனர் கட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, பரிசு கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் ஒரு பிள்ளைக்குக் கேள்வி வந்தால் அதை யாரிடம் போய்க் கேட்கும்? நீங்கள் அந்த மறுநாளுக்கான ஆளாக இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

ஆகவே ஒரே இடம், அதே பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு மணி நேரம். இதை ஒரு கல்வியாண்டு முழுக்கச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாருங்கள், ஆனால் எந்தச் சனிக்கிழமை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். பத்துப் பள்ளிகளுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரு பள்ளிக்குப் பத்து முறை போவதில் பலன் அதிகம். முதல் முறை பிள்ளைகள் உங்களை வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றாவது, நாலாவது முறைதான் கேள்வி கேட்கவே தொடங்குவார்கள்.

எந்த நேரம் என்பதைப் பிள்ளைகளிடமும் வீட்டாரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பையன்கள் விளையாடப் போய்விடுவார்கள், பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் வளர்ந்ததற்கு ஒரு காரணம், வயல் வேலையும் வீட்டு வேலையும் முடிந்த பிறகு, படிப்பவர்களுக்குத் தோதான நேரத்தில் தெருவிலேயே வகுப்பு நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். தன்னார்வலர்களே அந்த இயக்கத்தின் பலம். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

யாரோடு சேர்வது

தனியாகத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் இதைச் செய்துகொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. மாவட்டக் கிளைகள் வழியாக இயங்குகிறது. ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை 1987 முதல் நடத்துகிறார்கள். பிள்ளைகள் கூடிப் படித்துப் பார்த்துச் செய்யும் குழுக்களுக்குத் துளிர் இல்லம் என்று பெயர். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்றே சொல்வேன். முதலில் மூத்த கருத்தாளர் (பிள்ளைகளுக்குச் செயல்பாடுகளை நடத்துபவர்) ஒருவர் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போய், பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அரசின் பக்கம் இரண்டு திட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அதே தெருவில் குடியிருக்கும் தன்னார்வலர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி வகுப்பு நடத்திய ஒருவர் இருந்தால் அவரைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். எந்த வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்கும், எந்தப் பிள்ளை படிப்பை விடும் நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்தது வானவில் மன்றம். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம் இது. கருத்தாளர்கள் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்குப் போய் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். உங்கள் பள்ளிக்கு அவர் வரும் நாளை விசாரித்து, அவர் தொட்ட பாடத்தையே நீங்கள் அடுத்த வாரம் நீட்டித்தால் இருவர் உழைப்பும் ஒன்று சேரும்.

பள்ளிதான் வேண்டும் என்றில்லை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், சமுதாயக் கூடம், மரத்தடி எதுவும் ஆகும். நூலகம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அறிவியல் பார்க்க வந்த பிள்ளை அப்படியே ஒரு புத்தகத்தோடு வீட்டுக்குப் போகும்.

அனுமதியும் ஆசிரியரும்

அரசுப் பள்ளிக்குள் நுழைய முதலில் பார்க்க வேண்டியவர் தலைமையாசிரியர். ஒரு பக்கக் கடிதம் போதும்: நீங்கள் யார், எந்த அமைப்போடு வருகிறீர்கள், எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எவ்வளவு நேரம், என்ன செய்யப் போகிறீர்கள், பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டீர்கள் என்ற உறுதி. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் கொடுக்கச் சொல்லலாம். கேட்டால் கொடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவரைப் பிள்ளைகளிடம் விடுவதற்கு முன் விசாரிக்கிற தலைமையாசிரியர் நல்ல தலைமையாசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். அம்மாக்களுக்கு உங்களைத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வு நாட்களில் போய் நிற்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் ஆசிரியருக்கு உங்களோடு பேசக்கூட நேரம் இருக்காது.

வகுப்பு ஆசிரியர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னால் பாடப்புத்தகத்தையோ ஆசிரியரையோ ஒருபோதும் குறைத்துப் பேசாதீர்கள். நாம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருபது பிள்ளைகளோடு, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. அவர் அன்றாடம் ஐந்து பாடம் எடுத்து, பதிவேடு எழுதி, இணையத்தில் விவரம் ஏற்றி, சத்துணவு வந்ததா என்றும் பார்க்கிறார். முடிந்தால் அவரையும் செயல்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்துப்போனால் நீங்கள் வராத நாளிலும் அது நடக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் சமரசமே கூடாது. எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் உடன் இருக்கட்டும். பிள்ளைகளின் கைபேசி எண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், பெற்றோர் எண்ணோடு பேசுங்கள். பள்ளியும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டுமே புகைப்படம். சம்மதம் இருந்தாலும் முகமும் பெயரும் பள்ளியின் பெயரும் ஒன்றாக வருகிற மாதிரி வலைத்தளங்களில் போடாதீர்கள். நீங்கள் ஒரு குழுவை நடத்துபவர் என்றால், புதிய தன்னார்வலர் யார் என்று விசாரிக்காமல் சேர்க்காதீர்கள், தெரிந்தவரின் தம்பியாக இருந்தாலும் சரி.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த துன்பத்தை உங்களிடம் சொன்னால் பதறாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012-ன்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். 1098 குழந்தைகள் உதவி எண். அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் நாள்

ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டு, விரலால் அடைத்தபடி நீர் நிரப்பி மூடியை இறுக மூடிக்கொண்டு வாருங்கள். ‘விரலை எடுத்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். தண்ணீர் கொட்டும் என்பார்கள். எத்தனை பேர் அப்படி நினைக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லி, எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். விரலை எடுத்தால் ஒன்றிரண்டு சொட்டோடு நின்றுவிடும். மூடியைத் திறங்கள், கொட்டும். மூடுங்கள், நிற்கும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். பிள்ளைகள் கண் விரிந்து நிற்கும் அந்த நொடியிலேயே ‘இதற்குக் காரணம் காற்றழுத்தம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். ‘ஏன் நின்றது?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அமைதி சங்கடமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பிள்ளை ‘மூடி தண்ணியைப் பிடிச்சிக்குது’ என்று சொல்லும். தப்பு என்று சொல்ல வேண்டாம். ‘அப்படியானால் மேலே இன்னொரு துளை போட்டு, மூடியை மூடியே வைத்திருந்தால்?’ என்று கேளுங்கள். மறுபடி கை தூக்கல், மறுபடி எண்ணிக்கை. மேலே துளை போட்டதும் அதன் வழியே காற்று உள்ளே போக, கீழ்த்துளையில் தண்ணீர் வரத் தொடங்கும். மூடி பிடித்துக்கொள்கிறது என்ற கருத்து, யாரும் அடித்துச் சொல்லாமலே அங்கே விழும். இப்போது காற்றைப் பற்றி அவர்களே பேசுவார்கள்.

முக்கியமாக, பாட்டில் உங்கள் கையில் இருக்கக்கூடாது. ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் என்று பிரித்துக் கொடுங்கள், துளைகளை மட்டும் பெரியவர் போடட்டும். தரை ஈரமாகும், சத்தம் வரும், ஒருவர் மேல் ஒருவர் நீர் பீய்ச்சுவார்கள். துடைப்பதற்கு ஒரு பழைய துணியும் கடைசிப் பத்து நிமிடமும் ஒதுக்கிவையுங்கள். கூட்டத்தில் பையன்கள் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்ள, பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதுகிறவர்களாக ஒதுங்குவது அடிக்கடி நடக்கும். அதைக் கவனித்து, வாரா வாரம் யார் செய்வது யார் எழுதுவது என்று மாற்றிவிடுங்கள்.

பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். ‘எனக்குத் தெரியாது, அடுத்த வாரத்துக்குள் தேடுவோம், நீயும் தேடு’ என்று சொல்லி, கேள்வியை அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த நோட்டைத் திறந்துதான் வகுப்பைத் தொடங்க வேண்டும். தன் கேள்வி மறக்கப்படவில்லை என்று பார்த்த பிள்ளை அடுத்த கேள்வியை நிச்சயம் கொண்டுவரும்.

பெட்டியில் என்ன இருக்கலாம்

பலூன், ஸ்ட்ரா, நூல், கத்தரிக்கோல், செல்லோடேப், பழைய நாளிதழ், தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், சிறு காந்தங்கள், உருப்பெருக்கி, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள், அளவுநாடா, திசைகாட்டி. அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் வால்வு ட்யூபையும் வைத்தே வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தவர். வீட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய காணொளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் நீங்கள் வீட்டில் செய்துபார்த்த பிறகே கொண்டுபோங்கள். கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஃபோல்ட்ஸ்கோப் ஒன்று வாங்கலாம். மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய இந்தக் காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலும் குளத்துத் தண்ணீரும் போதும், ஒரு மாதத்துக்கு வேலை இருக்கும்.

அமிலம், நெருப்பு, பட்டாசு மருந்து, வீட்டு மின் இணைப்பு இவை எதுவும் வேண்டாம். கலர் மாறுகிற, புகை வருகிற ‘மந்திர’ நிகழ்ச்சிகள் கைதட்டல் வாங்கும். ஆனால் மேடையில் ஒருவர் செய்ய மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது குறைவு. வீட்டில் போய்ச் செய்துபார்க்க முடியாததைப் பள்ளியில் காட்டி என்ன பயன் என்பதே என் கேள்வி.

வெயிலில் ஒரு பாடம்

எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு நிழல். காசு தேவையில்லை, தமிழ்நாட்டு வெயில் இலவசம்.

‘மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் இருக்கும்’ என்று எல்லோரும் சொல்வோம். ஒரு மீட்டர் குச்சியை மைதானத்தில் செங்குத்தாக நட்டு, காலை 11 முதல் பிற்பகல் 1 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நாட்களில் நிழல் மறையவே மறையாது. மிகக் குட்டையாகும் நேரமும் பன்னிரண்டாக இருக்காது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் 12:07 வாக்கில், கோயம்புத்தூரில் 12:20-ஐ ஒட்டி. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரப்படி. கோவை அதற்கு மேற்கே தள்ளியிருக்கிறது, சூரியன் அங்கே வந்து சேரச் சற்று நேரமாகிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டில் பார்ப்பது வேறு.

ஆண்டில் இரண்டு நாள் மட்டும் நண்பகலில் நிழல் உண்மையிலேயே காலடிக்குள் ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்பது அதுதான். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் முதல் நாட்களிலும், மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் வரும். ஏப்ரலில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், மேகம் மறைக்கலாம். ஒருநாள் முன்பின் ஆனாலும் மீட்டர் குச்சியின் நிழல் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதனால் மேகம் வந்தால் மறுநாள் பாருங்கள்.

பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் பூமியையே அளக்கலாம். மதுரையும் சேலமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், நேர்கோட்டில் சுமார் 193 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மதுரையில் நிழல் மறையும் அன்று சேலத்தில் ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் நிழல் விழும். அது 1.74 பாகைக் கோணம். முழு வட்டத்துக்கு 360 பாகை. 193-ஐ 360-ஆல் பெருக்கி 1.74-ஆல் வகுத்தால் 40 ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும், பூமியின் சுற்றளவு! கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இதே வழியில்தான். இரண்டு ஊர்ப் பள்ளிகள் கைபேசியில் பேசிக்கொண்டே இதைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மாறும். போதாததற்கு நிழலின் நுனி மங்கலாகவே இருக்கும், சூரியன் ஒரு புள்ளி அல்ல என்பதால். குச்சியின் உச்சியில் ஊசித்துளை போட்ட அட்டையைக் கிடையாக ஒட்டிவிட்டால் தரையில் ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அந்த வட்டத்தின் நடுவைக் குறியுங்கள். குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்குங்கள். விடை சரியாக வராவிட்டால் அதுவும் நல்ல பாடம்தான், எங்கே பிசகியது என்று தேடட்டும்.

பந்துக் கண்ணாடியும் கிரகணமும்

சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பில்லை. அதற்காகவே அறிவியல் இயக்கத்தார் பந்துக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் பந்தில் சிறிதாக ஒரு வெட்டுப் போட்டு மணல் நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் அளவு கண்ணாடித் துண்டை ஒட்டி, செல்லோடேப் வளையத்தின் மேல் வையுங்கள். உருட்டி உருட்டித் திருப்பினால் வெயிலை இருண்ட வகுப்பறையின் சுவரில் விழவைக்கலாம். சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் சூரிய பிம்பம் ஒரு சாண் அகலத்துக்கு, 18 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: கண்ணாடி சதுரம், சுவரில் ஏன் வட்டம்? முக்கோணமாக வெட்டி ஒட்டினாலும் வட்டம்தான். காரணத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனாலும் விடுங்கள். கண்ணாடியில் பட்டு வரும் வெயிலைக் கண்ணால் நேராகப் பார்க்காமல் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அடுத்து 2031 மே 21 வளையக் கிரகணத்தின் பாதை கொச்சி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக யாழ்ப்பாணம் போகிறது. அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவின் பெரும்பகுதியில் பகுதிக் கிரகணம் உண்டு.

கிரகணம் என்றதும் வீட்டில் சாப்பிடக்கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்ற பேச்சு வரும். பாட்டியின் நம்பிக்கையைக் கேலி செய்தால் பிள்ளை பாட்டி பக்கம்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். ‘கிரகண நேரத்தில் வைத்த சாதம் கெடுமா? எப்படிச் சோதிப்பது?’ என்று கேளுங்கள். புதிதாக வடித்த சாதத்தில் ஒரு கிண்ணம் கிரகணத்தின்போது வெளியே, மறுநாள் அதே மாதிரி புதிதாக வடித்த இன்னொரு கிண்ணம் அதே நேரம் அதே இடத்தில் என்று பிள்ளைகளே திட்டம் போடுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் சுண்டல் கொண்டுபோங்கள், நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பிடாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

வெளியே போகும் வேலைகள்

பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் பதிய வேண்டும். காகம், மைனா, கொக்கு, மீன்கொத்தி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்களே போதும். தெரியாததை வரைந்துகொள்ளட்டும். இரவு வானம் பார்ப்பதென்றால் பெற்றோரையும் அழையுங்கள். அம்மா கூட வந்தால்தான் பெண் பிள்ளைகள் வர முடியும், அம்மாக்களும் வியாழனின் நிலவுகளைப் பார்த்தவர்கள் அல்ல. திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம், திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், சென்னை பிர்லா கோளரங்கம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு பயணம் போகலாம். போகும் முன் அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லட்டும்.

பிள்ளைகளின் சொந்த ஆய்வு

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாக, தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து கட்டுரை வைக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் பெரியவர்கள் எழுதிக்கொடுத்து பிள்ளைகள் ஒப்பிக்கும் கட்டுரைகளும் வருகின்றன. அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும், அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களால் முடியாது என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

தலைப்பைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘நீர் மாசுபாடு’ வேண்டாம். ‘எங்கள் தெருவில் எத்தனை குழாய் சொட்டுகிறது, நாளுக்கு எவ்வளவு வீணாகிறது?’ என்பது நல்ல தலைப்பு. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். அதைப் பிள்ளைகள் டம்ளரை வைத்து அளந்து கண்டுபிடிக்கட்டும். மழை பெய்த நாளில் அளவெடுக்க முடியவில்லை என்றால் அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், இல்லாத எண்ணை நிரப்பவிடாதீர்கள். முடிவை ஊராட்சித் தலைவரிடம் பிள்ளைகளே போய்ச் சொல்லட்டும். குழாய்க்கு வாஷர் மாற்றப்பட்டால் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. மாநாட்டில் தேர்வாகாவிட்டாலும் தெருவில் சொட்டு நின்றிருக்கும்.

விட்டுப் போகும்போது

வேலை மாறும், ஊர் மாறும், திருமணம் ஆகும். தன்னார்வலர் ஒருநாள் போகத்தான் வேண்டியிருக்கும், சொல்லாமல் போவதுதான் தவறு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை முதல் ஆண்டிலேயே உதவியாளர்களாகப் பழக்குங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நம்மைவிட ஒன்பதாம் வகுப்பு அக்கா சொல்வது எளிதாகப் புரியும்.

உங்களுக்குப் பின் வருபவருக்காக ஒரு நோட்டு வையுங்கள். எந்தச் செயல்பாடு எந்த வாரம் நடந்தது, எது சரியாக வரவில்லை, எந்தப் பிள்ளையின் எந்தக் கேள்வி இன்னும் பாக்கி, யாருக்குப் பார்வைக் குறை இருப்பதால் முன்னால் உட்கார வைக்க வேண்டும், பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். புதியவரை நேரில் அழைத்துப் போய்த் தலைமையாசிரியரிடமும் பெற்றோர்களிடமும் அறிமுகப்படுத்துங்கள். கடைசி மூன்று நான்கு வாரங்கள் அவர் நடத்த, நீங்கள் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள்.